இருபத்தேழாம் நாள்

பிப்ரவரி 3, திங்கள்

பன்னிரண்டாம் வகுப்பின் போர் ப்ராஜெக்ட் இன்று வரவேண்டிய நாள். ஐந்து குழுக்களில் மூன்று வந்தன. முதல் குழுவின் வரைபடத்தில் நம் ஊர் ஆறு கிழக்கிலிருந்து மேற்கே ஓடுகிறது. ஆற்றையே திருப்பிவிட்டார்கள், இரண்டு படைகளாலும் முடியாத காரியம். இரண்டாவது குழு பீரங்கிச் சத்தத்தைப் போட்டு அதன்மேல் பேசியிருக்கிறது. என்ன பேசினார்கள் என்று அவர்களுக்கும் தெரியாது.

மூன்றாவது நன்றாக இருக்கிறது. மிக நன்றாக. அதுதான் இடிக்கிறது.

மூன்று பேர் சேர்ந்த குழு. பேசுவதெல்லாம் வக்கீல் — கேள்வி கேட்டால் கேள்வியையே நம் பக்கம் திருப்பிப் போடும் பெண். தூக்குவது, மாட்டுவது, வயர் இழுப்பது ஒட்டகம் — ஆறடிப் பையன். கணினியில் உட்கார்ந்து வெட்டி ஒட்டுவது மூன்றாமவள். வருடம் முழுக்க என்னிடம் பத்து வாக்கியம் பேசியிருக்க மாட்டாள். அவளுக்கு நான் மனதுக்குள் வைத்திருக்கும் பெயர் ஊமைக்கோட்டான்.

ஐம்பத்தெட்டு வருடங்களுக்கு முன் இந்த ஊர் நாற்பத்தொரு நாள் முற்றுகையில் கிடந்தது. அதைத்தான் வகுப்புக்குக் கொடுத்திருந்தேன். மற்றவர்கள் புத்தகத்திலிருந்து படம் பிடித்து வந்தார்கள். இவர்கள் ஆளையே பிடித்து வந்திருக்கிறார்கள். அந்த நாட்களில் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்த ஒரு அம்மாவின் குரல், ஆறு நிமிடம். பழைய புகைப்படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாற, குரல் ஓடுகிறது. வகுப்பு அசையாமல் கேட்டது. எனக்கு மட்டும் ஓர் இடத்தில் மூக்கில் வியர்த்தது.

பிப்ரவரி 4, செவ்வாய்

"இருபத்தி ஏழாம் நாள் பாலம் போச்சு" என்கிறது அந்தக் குரல்.

இதைச் சொல்ல இந்த நோட்டைத் தவிர எனக்கு வேறு இடமில்லை. பாலம் இருபத்தேழாம் நாள் போகவில்லை. போயிருக்க முடியாது.

பாடப்புத்தகம் 'நான்காம் வாரம்' என்று பட்டும் படாமலும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். 'இருபத்தேழாம் நாள் எதிரிப் படை பாலத்தைத் தகர்த்தது' என்பது என் குறிப்பில் மட்டும் உள்ள வரி. பத்தொன்பது வருடங்களுக்கு முன், வேலைக்குச் சேர்ந்த புதிதில், அவசர அவசரமாகக் குறிப்பு தயாரித்தேன். உடைந்த பாலத்தின் புகைப்படம் ஒன்று கிடைத்தது, பின்பக்கம் தேதியோடு. எண்ணிப் பார்த்தால் முற்றுகையின் இருபத்தேழாம் நாள். எதிரி ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தது இருபத்தாறாம் நாள். கச்சிதமாகப் பொருந்தியது. படம் எடுத்த தேதியைப் பாலம் உடைந்த தேதியாக எழுதிவிட்டேன்.

ஆறு வருடங்களுக்கு முன் நகராட்சிப் பதிவறையில் வேறு எதையோ தேடும்போது ஒரு பழைய அறிக்கை கையில் சிக்கியது. இருபத்தைந்தாம் நாள் அறிக்கை. 'பாலம் இல்லாததால் மருந்து படகில் வந்தது' என்று ஒரு வரி. படித்தேன், மூடினேன், இருந்த இடத்தில் வைத்தேன். அதற்குள் குறிப்பு அச்சாகி, ஆண்டுத் தேர்வில் வருடம் தவறாத ஒரு மதிப்பெண் கேள்வியாகவும் ஆகியிருந்தது. அதற்கு மேல் யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருப்பதற்கும் பழக்கம் வேண்டும். எனக்கு அது உண்டு.

ஆகவே, அன்று அங்கே இருந்த யாரும் இருபத்தேழு என்று சொல்ல மாட்டார்கள். என் குறிப்பைப் படித்தவர்கள்தான் சொல்வார்கள். அப்படி ஒரு அம்மா இருக்கிறாரா, இல்லை என் காதில் பூச்சுற்றுகிறார்களா?

பிப்ரவரி 5, புதன்

மூவரையும் கூப்பிட்டு அந்த அம்மாவின் முகவரி கேட்டேன். பாராட்டு தெரிவிக்க என்று சொன்னேன். முகத்தில் சிரிப்பைக்கூட வைத்திருந்தேன்.

வக்கீல் சொன்னாள், அவர் யாரையும் பார்க்க விரும்பவில்லையாம். அதே நேரத்தில் ஒட்டகம் சொன்னான், அவருக்கு உடம்பு சரியில்லையாம். ஒரே நேரத்தில் இரண்டு காரணம். பிறகு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாமவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தரையில் என்ன இருக்கிறது?

பிப்ரவரி 6, வியாழன்

ஒட்டகத்தின் அம்மா முன்பு நாடகத்தில் நடித்தவர் என்று யாரோ சொன்ன ஞாபகம். மதிய இடைவேளையில் அவருக்குப் போன் போட்டேன். பையனின் வருகைப் பதிவில் ஒரு சின்னச் சந்தேகம் என்றேன். (அவன் ஒரு நாள்கூட மட்டம் போட்டதில்லை.) வாயைக் கிளறிப் பதினோரு நிமிடம் பேசவைத்தேன். அவருக்குச் சளி பிடித்து மூக்கடைத்திருந்தது. குரலை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. வைப்பதற்கு முன், பையன் ஏதாவது தப்பு செய்துவிட்டானா என்று பயந்துபோய்க் கேட்டார். இல்லவே இல்லை என்றேன். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் நடித்துப் பழகியவருக்குப் பயப்படுவது பெரிய வேலையா?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நீ தப்பான வேலைக்கு வந்துட்ட. போலீஸ்ல சேர்ந்திருந்தா இந்நேரம் பாதி ஊர் உள்ள இருந்திருக்கும்" என்றார். அவர் காது கேட்கும் கருவி விற்கும் கடையில் பரிசோதனை செய்பவர். நாள் முழுக்க அடுத்தவர் காதுக்குள் சத்தம் அனுப்பிவிட்டு வருவார். வீட்டில் நான் சொல்வது மட்டும் அவர் காதில் ஏறாது.

பிப்ரவரி 7, வெள்ளி

பழைய தொலைபேசி நிலையம் இப்போது ஏதோ வரி அலுவலகம். அங்கே இருந்த குமாஸ்தாவிடம் அந்தக் காலத்து ஊழியர் பட்டியல் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கூரை ஒழுகியதில் பழைய தாளெல்லாம் மக்கிப்போய் எப்போதோ தூக்கி எறிந்தாயிற்று என்றார். யாராவது பிள்ளைகள் இதற்கு முன் வந்து கேட்டார்களா என்றேன். இல்லை.

உண்மையாகவே தேடியிருந்தால் முதலில் இங்கேதானே வந்திருக்க வேண்டும்?

பிப்ரவரி 10, திங்கள்

காரணம் கிடைத்துவிட்டது.

ஊடகப் படிப்புக் கல்லூரிக்கு எங்கள் பள்ளி வருடத்துக்கு ஒரே ஒரு பெயரைப் பரிந்துரைத்து அனுப்பலாம். இந்த வருடம் தலைமையாசிரியர் எழுதிவைத்திருக்கும் பெயர் ஊமைக்கோட்டான். மாதிரிப் படைப்பாக அனுப்பப்போவது இந்த ப்ராஜெக்ட். 21ஆம் தேதி கடைசி நாள். ஆசிரியர் அறையில் உடற்கல்வி ஆசிரியர் சொன்னார். அந்தப் பெண்ணின் வீட்டில் சொந்தமாகக் கணினிகூட இல்லையாம், பள்ளி முடிந்து ஆய்வகம் பூட்டும்வரை உட்கார்ந்து இதைச் செய்தாளாம். அவர் உருகி உருகிச் சொன்னார். நான் தலையாட்டிக்கொண்டே, அதுதானே பார்த்தேன் என்று நினைத்துக்கொண்டேன். இவ்வளவு தேவை உள்ளவள் ஒரு சாட்சியை உண்டாக்க மாட்டாளா?

பிப்ரவரி 11, செவ்வாய்

காலை வரிசையில் என்னைப் பார்த்ததும் அவள் ஓரடி பின்னால் நகர்ந்து ஒட்டகத்தின் முதுகுக்குப் பின்னால் மறைந்தாள்.

பிப்ரவரி 13, வியாழன்

எழுதிக் கொடுத்துவிட்டேன். 'சாட்சியின் முகவரி தர மறுக்கிறார்கள். குரல் ஜோடிக்கப்பட்டது என ஐயம்.' இரண்டே வரி.

தலைமையாசிரியர் படித்துவிட்டு என்ன ஆதாரம் என்றார். ஆதாரம் நாக்கு நுனியில் இருந்தது. இருபத்தேழு. அதைச் சொன்னால், இருபத்தேழு தப்பு என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்பார். தெரிந்தும் ஏன் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்பார். ஆகவே, இத்தனை வருட அனுபவம் என்றேன். அவர் கொஞ்சநேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லி, பட்டியல் தாளை எடுத்து அவள் பெயரின் மேல் ஒரு கோடு போட்டார்.

மூவரையும் அழைத்துக் கேட்டார். வக்கீல் சட்டம் பேசினாள், ஒட்டகம் திருதிருவென விழித்தான். அவளிடம் மட்டும் இரண்டு தடவை கேட்டார். வாயே திறக்கவில்லை. பொய் இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே?

கோடு நேராக இல்லை. நடுவில் கொஞ்சம் வளைந்திருந்தது. ஏன் இதை எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

வக்கீல் இன்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நாற்பது நிமிட வகுப்பு இவ்வளவு நீளம் என்று எனக்கு இதுவரை தெரியாது.

பிப்ரவரி 15, சனி

வீட்டுக்காரர் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் நான் செய்தது அவருக்குப் பிடிக்கவில்லை. இன்று கடைக்குக் கிளம்பும்போது, அந்தக் குரலைக் கொடு, கேட்டுப் பார்க்கிறேன் என்றார். பகல் ஒன்றரைக்குச் சாப்பிட வந்தவர் கையைக்கூடக் கழுவாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இது நடிப்பு இல்ல. அந்த அம்மாவுக்கு எழுபத்தஞ்சுக்கு மேல இருக்கும், பல்செட்டு போட்டிருக்காங்க. காத்து போற விதத்துலயே தெரியுது. வீடும் நிஜ வீடுதான், பின்னால சுவர்க் கடிகாரம் ஓடுது. வினாடிக்கு ஒண்ணு, பிசகாம."

அவர் இன்னும் முடிக்கவில்லை.

"ஒரே ஒரு இடத்துல மட்டும் கடிகாரம் அரை வினாடியில ரெண்டு தடவை அடிக்குது. 'இருபத்தி'க்கும் 'ஏழாம் நாளு'க்கும் நடுவுல. அங்க வெட்டி ஒட்டியிருக்காங்க."

அப்படியானால் ஆள் நிஜம். பேச்சும் நிஜம். எண் மட்டும் பொய். பாராட்டும் மதிப்பெண்ணும் வேண்டும் என்றால் எதை எதையோ மாற்றலாம். எதற்கு ஒரு எண்ணை மட்டும் மாற்ற வேண்டும்? அதுவும் என் எண்ணாக?

ஞாயிறு முழுக்க இதையே போட்டு உருட்டப்போகிறேன்.

பிப்ரவரி 17, திங்கள்

பள்ளி விட்டதும் மூன்றாமவளை மட்டும் வரைபட அறைக்குக் கூப்பிட்டேன். கதவைத் திறந்தே வைத்தேன். அந்த அம்மா உண்மையில் சொன்னது எந்த நாள் என்று கேட்டேன்.

முதலில் தரை. பிறகு ஜன்னல். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இருபத்தி நாலு. உங்க குறிப்புக்குச் சரியா வரணும்னு நான்தான் மாத்தினேன், டீச்சர்."

ஏழாம் நாள் தண்ணீர்க் குழாய் நின்றுபோனதைப் பற்றி அந்த அம்மா வேறோர் இடத்தில் சொல்கிறாராம். அந்த 'ஏழாம் நாளை' எடுத்து வந்து இங்கே வைத்திருக்கிறாள். மற்ற இருவருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் முகவரி கேட்டபோது அப்படி உளறினார்கள். நான் போய்ப் பேசினால் அந்த அம்மா இருபத்தி நாலு என்று சொல்லிவிடுவார், எனக்குக் கோபம் வரும், மூவருக்கும் மதிப்பெண் போகும் என்று பயம்.

கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு அவள் பையைத் திறந்தாள். முதல் பருவத்தில் நான் திருத்திக் கொடுத்த கட்டுரையை எடுத்து மேசையில் வைத்தாள். நூலகத்தில் தேடிப் படித்து எழுதிய கட்டுரை. இப்போது பார்க்கும்போது நல்ல கட்டுரை. நான்கு இடங்களில் சிவப்பு முத்திரை: 'குறிப்பில் இல்லை'. எழுதி எழுதிக் கை வலிக்கிறது என்று நானே கடையில் சொல்லிச் செய்துவாங்கிய முத்திரை. ஒரு முத்திரைக்கு ஒரு மதிப்பெண் குறைப்பேன். முத்திரை குத்தும்போது வாக்கியத்தை முழுதாகப் படித்ததுகூட இல்லை.

அப்படியானால் தலைமையாசிரியர் கேட்டபோது ஏன் வாயைத் திறக்கவில்லை என்றேன்.

"குரல் ஜோடிச்சதான்னு கேட்டாரு. ஒரு எண்ணு ஜோடிச்சதுதானே? இல்லைன்னு எப்படிச் சொல்றது?"

முழுப் பதிவு இருக்கும் பென் டிரைவைக் கொடுத்துவிட்டுப் போனாள். நான் அவளிடம் ஒரு வார்த்தை... ஒரு சாதாரண வார்த்தைகூடச் சொல்லவில்லை. என்னடி நீ, இவ்வளவு நாளா ஒரு குழந்தையைப் போய் திருடியைப் பாக்குற மாதிரி பாத்துட்டு, ஒரு வார்த்தை சொல்ல முடியலையா உன்னால?

பிப்ரவரி 18, செவ்வாய்

மதியம் விடுப்பு போட்டு வீட்டில் உட்கார்ந்து கேட்டேன். ஒரு மணி நேரம் ஐம்பது நிமிடம். பிள்ளைகள் ஆறு நிமிடமாகச் சுருக்கியதில் எது வெளியே போயிருந்தது என்று புரிந்தது. அந்த அம்மா சொன்னதில் ஒரு பகுதியை மட்டும் இங்கே எழுதிவைக்கிறேன்.

"அன்னிக்குக் காலையில என்னோட முறை. நம்ம படைத் தலைமையிலேர்ந்து பாலத்துச் சாவடிக்கு இணைப்புக் கேட்டாங்க. நான்தான் கொடுத்தேன். ஜனங்க பாலத்து மேல இருக்காங்கன்னு அந்தப் பக்கம் ஒரு குரல் சொல்லிச்சு. தெரியும்னு இந்தப் பக்கம் சொல்லிச்சு. அவ்வளவுதான் பேச்சு. கொஞ்ச நேரத்துல அக்கரை விளக்கெல்லாம் இணைப்புப் பலகையில ஒண்ணா அணைஞ்சுது. கம்பி பாலத்துக்கு அடியிலதான் போகுது. எங்க அக்கா அப்போ பாலத்து மேல இருந்தா."

இருபத்துநான்காம் நாள் எதிரி ஆற்றங்கரைக்கு வரவே இல்லை. அவன் வந்தது இருபத்தாறு. இதை நான்தான் வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப்போடுகிறேன். மூன்று நாள் வித்தியாசம்தானே என்று மூடி வைத்தேன். அந்த மூன்று நாளில் பாலத்தை உடைத்தது யார் என்பதே மாறிவிடுகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்திருந்தால் ஆறு வருடம் முன்பே தெரிந்திருக்கும். தெரியாமலா இருந்தேன்? தெரிந்துகொள்ள வேண்டாம் என்று இருந்தேன்.

பிப்ரவரி 19, புதன்

பிள்ளைகளிடம் முகவரி வாங்கி அந்த அம்மாவைப் போய்ப் பார்த்தேன். சந்தைக்குப் பின்னால் மூன்றாவது மாடி, ஒற்றை அறை. கதவைத் திறந்ததும், பிள்ளைகளின் டீச்சர் என்று நானே சொல்லிக்கொண்டேன். உடனே நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பிள்ளைகள் தங்கமானவர்கள், அதிலும் அந்தப் பேசாத பெண், மைக்கை வைத்துவிட்டு நடுவில் ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை என்றார். தன் குரல் நன்றாக வந்திருக்கிறதா என்று கேட்டார். எண்ணை மாற்றியது அவருக்குத் தெரியாது.

அக்காவின் பெயர் நகராட்சிப் பதிவில் இன்னமும் 'காணாமல் போனவர்' பட்டியலில்தான் இருக்கிறதாம். பாலத்தில் இறந்தார் என்று மாற்றச் சொல்லி மூன்று தடவை மனுக் கொடுத்தாராம். கடைசியாகப் போனது நான்கு வருடங்களுக்கு முன்.

"அந்த அதிகாரி நல்ல பையன்தான், டீச்சரம்மா. உக்கார வச்சுத்தான் பேசினாரு. ஆனா பாலம் இருபத்தி ஏழாம் நாள்தான் போச்சு, நீங்க சொல்ற நாள்ல பாலம் நின்னுட்டு இருந்துச்சு, நாங்க பள்ளிக்கூடத்துலயே அப்படித்தான் படிச்சோம்னுட்டாரு. எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துடுச்சு."

அந்த அதிகாரி எந்தப் பள்ளி என்று நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? இந்த ஊரில் இந்தக் குறிப்பு ஒரே ஒரு பள்ளியில்தான்.

நான்தான் அந்த டீச்சர் என்று சொல்லிவிட்டேன். படத்தின் பின்னால் இருந்த தேதியையும், ஆறு வருடங்களுக்கு முன் பார்த்த அறிக்கையையும், பிள்ளைகள் எண்ணை மாற்றியதையும், ஏன் மாற்றினார்கள் என்பதையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் அழவில்லை, திட்டவும் இல்லை. ரொம்ப நேரம் கையில் இருந்த துணியை மடித்துக்கொண்டே இருந்தார். பிறகு, பிள்ளைகளைத் தண்டிக்க வேண்டாம் என்றார். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

காலையில் முதல் வேலையாகத் தலைமையாசிரியர் அறை. புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். 'ஐயம் நீங்கியது' என்று ஒரு வரி எழுதினால் போதும், நாளைக்குப் பட்டியலில் அவள் பெயர் போய்விடும் என்றார். தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார்.

ஆசை வந்தது என்பதை இங்கே மறைக்கப்போவதில்லை. ஒரு வரி. அவளுக்கு இடம் கிடைக்கும், எனக்குப் பெயர் கெடாது, குறிப்பு அப்படியே இருக்கும். 'ஐயம்' என்று எழுதிக்கூட விட்டேன். அடுத்த சொல் வரவில்லை. எழுதினால் ப்ராஜெக்ட் இருபத்தேழோடுதான் கல்லூரிக்குப் போகும். அந்த அம்மாவின் வாயாலேயே அவர் அக்கா பாலத்தில் இல்லை என்று சொல்லவைத்ததாக ஆகும்.

அடித்துவிட்டு முதலிலிருந்து எழுதினேன். மூன்று பக்கம். படம், தேதி, அறிக்கை, முத்திரை எல்லாம். எண்ணை மாற்றியது மாணவியின் தவறு, மாற்றவைத்தது என் தவறு என்று முடித்தேன். முழுப் பதிவிலிருந்து புதிதாகத் தொகுக்க அனுமதியும் கேட்டேன்.

தலைமையாசிரியர் இரண்டு தடவை படித்தார். நம் ஆட்களே பாலத்தை உடைத்தார்கள், அதுவும் ஆள் இருக்கும்போதே உடைத்தார்கள் என்று ஒரு பள்ளிக்கூடத்தில் போட முடியுமா என்று கேட்டார். பத்தொன்பது வருடம் இருபத்தேழு என்று போட முடிந்ததே என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கடைசியில் கையெழுத்துப் போட்டார். அடுத்த வருடம் எனக்கு ஏழாம் வகுப்பாம். அதையும் அதே மூச்சில் சொல்லிவிட்டார்.

ஏழாம் வகுப்பில் பாடம் மண்பானையும் கற்கோடரியும். அதில் நான் எதைத் தப்பாகச் சொல்ல முடியும் என்று வீட்டுக்காரர் கேட்கிறார். சிரிப்பு வந்தது. பத்து நாளில் முதல் தடவை.

பிப்ரவரி 21, வெள்ளி

பிள்ளைகள் நேற்றுப் பள்ளி விட்டதிலிருந்து ஆய்வகத்திலேயே இருந்து புதிதாகத் தொகுத்துவிட்டார்கள். மதியம் பட்டியலும் அதுவும் சேர்ந்து போயிற்று. அவள் பெயரைப் புதுத் தாளில் தட்டச்சு செய்யச் சொல்லி நானே நின்று வாங்கிக்கொண்டு வந்தேன்.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி டீச்சர்" என்றாள். அந்தச் 'சரி'யில் எவ்வளவு சரி என்று எடைபோடப் பார்த்தேன். பழக்கதோஷம்.

பிப்ரவரி 25, செவ்வாய்

பள்ளிக் கண்காட்சிக்கு இன்னும் மூன்று நாள். இந்த ப்ராஜெக்டுக்கு அங்கே ஒரு தனி அறை. வக்கீல் வந்து, என்னையும் பதிவுசெய்ய வேண்டும் என்றாள். இருபத்தேழு எங்கிருந்து வந்தது என்று பார்க்க வருபவர்கள் கேட்பார்கள், அதற்குச் சாட்சி நான்தானாம். மூவரும் சேர்ந்து என்னை நாற்காலியில் உட்காரவைத்து ஜன்னலைச் சாத்தினார்கள். ஒட்டகம் மைக்கைப் பிடித்தான்.

நான்கு நிமிடம் பேசினேன். முடித்ததும் மூன்றாமவள் ஹெட்போனைக் கழற்றினாள்.

"எண்ணு சொல்ற இடத்துல முழுங்கிட்டீங்க, டீச்சர். அந்த வாக்கியத்தை முழுசா இன்னொரு தடவை சொல்லுங்க. எண்ணை மட்டும் எடுத்து ஒட்ட மாட்டேன்."

சொன்னேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

கண்காட்சி முதல் நாள். எங்கள் அறையில்தான் கூட்டம். இருட்டறை, சுவரில் படங்கள், முதலில் என் குரல், பிறகு அந்த அம்மாவின் குரல். வெளியே வந்தவர்கள் எல்லாம் என்னைத் தேடிவந்து கையைப் பிடித்தார்கள். இப்படித் தப்பை ஒத்துக்கொள்ள எத்தனை பேருக்கு மனசு வரும் என்று ஒருவர். உங்களைப்போல ஆசிரியர்கள் வேண்டும் என்று ஒருவர். பழைய மாணவர்கள் நால்வர் என்னோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். தலைமையாசிரியர்கூட, ஏழாம் வகுப்பு விஷயத்தை யோசிப்போம் என்றார்.

அந்த அம்மா வந்திருந்தார். அக்காவின் படத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். யாரும் அவரிடம் போய்ப் பேசியதாகத் தெரியவில்லை. நான் போகவேண்டும் போகவேண்டும் என்று இருந்தேன், அதற்குள் யாராவது வந்து கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார்கள். நாலு மணிக்குப் பார்த்தேன், நாற்காலி காலி.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பிடித்திருந்தது.

மார்ச் 1, சனி

இரண்டாம் நாள். காலையிலேயே போய்விட்டேன், நல்ல சேலை கட்டிக்கொண்டு. விளக்கு அணைந்தது. முதல் படம் வந்தது. என் குரல் வரவேண்டிய இடத்தில், "அன்னிக்குக் காலையில என்னோட முறை" என்று அந்த அம்மா பேச ஆரம்பித்தார்.

ஏதோ பழுது என்று நினைத்தேன். பிறகு, தலைமையாசிரியர்தான் எடுக்கச் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். வக்கீலின் வேலையோ, பழி வாங்குகிறார்களோ என்றுகூட ஒரு நொடிக்குள் ஒரு சுற்று ஓடிவிட்டது. காட்சி முடிந்ததும் மூன்றாமவளிடம் நேராகப் போய்க் கேட்டேன். கணினியிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள்.

"நேத்து எல்லாரும் உங்களைப் பத்தியே பேசினாங்க, டீச்சர். பாலத்தைப் பத்தி யாருமே பேசல. அந்த அம்மா சொல்லாமலே எந்திரிச்சுப் போயிட்டாங்க. அதான் வெட்டிட்டேன். தேதி எப்படித் தப்பாச்சுன்னு கடைசியில ரெண்டு வரி எழுத்துல போட்டிருக்கேன், உங்க பேர் இல்லாம."

என்னிடம் கேட்டுவிட்டுச் செய்திருக்கலாமே என்றேன்.

"கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க."

சொல்லியிருப்பேன்.

அந்த அம்மாவை அழைத்துவர ஒட்டகத்தை அனுப்பியிருந்தார்கள். பதினோரு மணிக்கு வந்தார். இந்தத் தடவை முன் வரிசையில் உட்காரவைத்தார்கள். நான் சுவர் ஓரம், கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். காட்சி முடிந்து விளக்குப் போட்டபோது முதலில் யாரும் எழுந்திருக்கவில்லை. பிறகு ஒருவர் அந்த அம்மாவிடம் போனார். அவர் பின்னால் இன்னும் சிலர். அக்காவின் படம் கைமாறிக்கொண்டே போவதைப் பார்த்தேன்.

என் பக்கத்தில் நின்றிருந்தவர் தோளில் குழந்தையோடு வந்திருந்த ஓர் ஆள். என்னை யாரென்று அவருக்குத் தெரியாது. குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அப்போ பாலத்தை உடைச்சது நம்ம ஆளுங்கதானா?"

ஆமாம் என்றேன். அவருக்கு வேறு எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு அந்த அம்மாவை நோக்கிப் போனார்.